அரையாண்டில் கடைசி, ஆண்டு முடிவில் முதல்: சென்னையின் எஃப்.சி. சொல்லும் பாடம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலைக்கு நடுவில் திறந்தவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர்கள் குழுவில் கால்பந்து பற்றி ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓர் அணியைப் பருவத்தின் பாதியிலேயே எடை போடலாமா, கூடாதா என்பதுதான் கேள்வி. புள்ளிப்பட்டியல் பொய் சொல்லாது, பாதியில் கடைசியில் இருந்தால் முடிவிலும் கடைசிதான் என்கிறது ஒரு கட்சி. கடைசி ஆட்டம் முடியும் வரை எதையும் சொல்ல முடியாது என்கிறது இன்னொரு கட்சி. "சார், நீங்க வரலாறு எடுத்தவர், நீங்க சொல்லுங்க" என்று பந்தை என் பக்கம் தட்டிவிட்டீர்கள். நான் கால்பந்துப் பயிற்சியாளன் இல்லை. ஆனால் பழைய கணக்குகளை எடுத்து அடுக்கிப் பார்ப்பது என் தொழில். அதைச் செய்திருக்கிறேன்.

முதலில், பாதி என்று எதைச் சொல்கிறோம்?

1888-ல் இங்கிலாந்தில் ஃபுட்பால் லீக் தொடங்கியபோது அதில் 12 சங்கங்கள். ஒவ்வொன்றும் மற்ற 11 சங்கங்களோடு சொந்த ஊரில் ஒருமுறை, வெளியூரில் ஒருமுறை ஆட வேண்டும். ஆக 22 ஆட்டங்கள். அந்த முதல் ஆண்டில் பிரஸ்டன் 18 வெற்றி, 4 சமநிலை, ஒரு தோல்விகூட இல்லை என்று முடித்தது. இன்று உலகம் முழுக்க நடக்கும் லீக் போட்டிகளுக்கு அந்த ஏற்பாடுதான் தாய். அந்தக் கணக்குப்படி பாதி என்றால் எல்லோரும் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டார்கள் என்று பொருள். அதனால்தான் பாதிப் பட்டியலுக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

ஆனால் இதில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, நம் ஊர்ப் போட்டிகளின் கால அட்டவணை அப்படி ஒழுங்காக அமைவதில்லை. பாதிக்குள் ஓர் அணியை இரண்டு முறை சந்தித்துவிட்டு, இன்னோர் அணியை ஒருமுறைகூடச் சந்திக்காமல் இருக்கலாம். இரண்டு, வெற்றிக்கு எத்தனை புள்ளி என்பது. பழைய காலத்தில் வெற்றிக்கு 2, சமநிலைக்கு 1. இங்கிலாந்து 1981-ல் வெற்றிக்கு 3 என்று மாற்றியது. உலகக் கோப்பையில் அது 1994-ல் வந்தது. இந்த மாற்றத்துக்குப் பிறகு தொடர்ந்து நான்கு ஆட்டம் ஜெயித்தால் 12 புள்ளி. பின்தங்கியவன் எட்டிப் பிடிக்க முன்பைவிட வழி அகலமாகிவிட்டது. பாதிப் பட்டியலைப் பார்க்கும்போது இந்த இரண்டையும் நினைவில் வையுங்கள்.

இனி நம் சென்னை அணிக்கு வருவோம்.

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. அந்த முதல் ஆண்டிலேயே சென்னையின் எஃப்.சி. லீக் சுற்றில் முதலிடம். ஆனால் அரையிறுதியில் கேரளாவிடம் தோற்று வெளியேறியது. பயிற்சியாளர் இத்தாலியின் மார்கோ மட்டெராஸி. 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜிதேன் தலையால் முட்டியது யாரையோ, அவர்தான்.

2015-ல் மறுபடியும் அவரே பயிற்சியாளர். 8 அணிகள், ஆளுக்கு 14 ஆட்டங்கள். அக்டோபர் 3 அன்று சென்னை நேரு விளையாட்டரங்கில் தொடக்க ஆட்டம், கொல்கத்தாவிடம் 2-3 தோல்வி. அடுத்து டெல்லியிடம் தோல்வி. பிறகு கோவாவுக்கே போய் 4-0 என்று அடித்தார்கள். கொலம்பியாவின் மெண்டோசா அந்த ஆட்டத்தில் மூன்று கோல். இப்படி ஒரு நாள் வெயில், ஒரு நாள் மழை. பத்து ஆட்டங்கள் முடிந்தபோது 3 வெற்றி, 1 சமநிலை, 6 தோல்வி. 10 புள்ளி. பட்டியலில் கடைசி இடம். மீதி இருப்பது நான்கே ஆட்டங்கள்.

அந்த நேரத்தில் பட்டியலை மட்டும் பார்த்தவர்கள் கதை முடிந்தது என்றார்கள். ஆனால் அதே பட்டியலில் பக்கத்துக் கட்டம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் நின்று படிக்கவில்லை. பத்து ஆட்டங்களில் சென்னை அடித்தது 12 கோல், வாங்கியது 13. வித்தியாசம் ஒன்றே ஒன்று. ஆறு ஆட்டம் தோற்ற அணியின் கணக்கு இது! தோற்றபோது ஒன்றிரண்டு கோலில் தோற்றார்கள், ஜெயித்தபோது நன்றாகவே ஜெயித்தார்கள். கடைசியில் நிற்கும் அணி எல்லா ஆட்டத்திலும் உதை வாங்கிய அணியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

மீதி நான்கு ஆட்டங்களில் நடந்தது தெரியும்தானே? கேரளாவை 4-1, டெல்லியை 4-0, கொல்கத்தாவை 2-1, மும்பையை 3-0. நான்கும் வெற்றி. 13 கோல் அடித்து 2 கோல் மட்டும் வாங்கினார்கள். 22 புள்ளியுடன் மூன்றாம் இடம். முதலிடம் பிடித்த கோவாவுக்கு 25, நான்காம் இடத்து டெல்லிக்கு 22. முதலுக்கும் நான்காவதுக்கும் இடையே மூன்று புள்ளி, அதாவது ஒரே ஒரு வெற்றி. இவ்வளவு நெருக்கமாக எல்லோரும் நிற்கும்போது கடைசி என்ற சொல்லுக்கு எவ்வளவு கனம் இருக்க முடியும்?

அந்த டிசம்பரை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னை வெள்ளத்தில் மூழ்கிய மாதம். உங்களில் பலர் அங்கே மாடியில் அகப்பட்டுக்கொண்டு, இங்கே பெற்றவர்கள் போன் கிடைக்காமல் தவித்த மாதம். சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதி முதல் ஆட்டம் புனேவுக்கு மாற்றப்பட்டது. சொந்த மைதானம் இல்லாமல் கொல்கத்தாவை 3-0 என்று ஜெயித்தார்கள். இரண்டாம் ஆட்டத்தில் 1-2 என்று தோற்றும், மொத்தக் கணக்கில் 4-2 என்று இறுதிக்குப் போனார்கள்.

டிசம்பர் 20, கோவாவின் ஃபடோர்டா மைதானம். 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னிலை. 90-வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணி தன் வலைக்குள்ளேயே பந்தைத் தட்டிவிட்டார். கூடுதல் நேரத்தில் மெண்டோசா மூன்றாவது கோல். 3-2, கோப்பை சென்னைக்கு. அந்தப் பருவத்தில் 13 கோலுடன் அதிக கோல் அடித்தவரும் மெண்டோசாதான்.

இதோடு நிறுத்தினால் நம்பிக்கை ஊட்டும் கதையாக முடிந்துவிடும். வரலாறு அப்படி ஒரு கதையோடு நிற்க விடாது. அடுத்த பக்கத்தையும் புரட்ட வேண்டும்.

2018 மார்ச் 17. பெங்களூருவின் சொந்த மைதானத்தில் பெங்களூருவையே 3-2 என்று வீழ்த்தி சென்னை இரண்டாவது கோப்பையை வாங்கியது. பயிற்சியாளர் இங்கிலாந்தின் ஜான் கிரிகரி. ஆறே மாதத்தில் அடுத்த பருவம். அதே பயிற்சியாளர், ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அவர்களே. ஆனால் கோப்பை வாங்கித் தந்த கேப்டன் செரெனோ போய்விட்டார். நடுக்களத்தில் உழைத்த வியாசர்பாடித் தம்பி தனபால் கணேஷ் முழங்கால் காயத்தில் வெளியே உட்கார்ந்தார். 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 3 சமநிலை, 13 தோல்வி. மொத்தம் 9 புள்ளி. பத்து அணிகளில் பத்தாவது. அந்த இரண்டு வெற்றிகளில் ஒன்று, அந்த ஆண்டு கோப்பையை வென்ற பெங்களூருவுக்கு எதிராக என்பது விசித்திரம்.

2015-ஐ மனத்தில் வைத்துக்கொண்டு அந்த ஆண்டும் பலர் காத்திருந்தார்கள். "போன தடவையும் இப்படித்தான் கடைசியில் இருந்தார்கள், எழுந்துவிடுவார்கள்" என்றார்கள். எழவில்லை. ஒருமுறை நடந்தது மறுமுறையும் நடக்கும் என்று வரலாறு எங்கும் வாக்குக் கொடுத்ததில்லை. வகுப்பில் இதை எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

மூன்றாவது பக்கம் 2019-20. கிரிகரியே தொடர்ந்தார். புதிய வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வந்தார்கள்: லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ், பிரேசிலின் கிரிவெல்லாரோ, மால்டாவின் ஷெம்ப்ரி. முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. வாங்கியது 7. ஐந்தாவது ஆட்டம் ஹைதராபாத்தோடு. 90 நிமிடமும் கோல் இல்லாமல் போய், கூடுதல் நிமிடங்களில் மூன்று கோல் விழுந்தது. முதலில் சென்னை, பிறகு ஹைதராபாத், மறுபடி சென்னை. பருவத்தின் முதல் வெற்றி அது. ஆறாவது ஆட்டம் ஒடிசாவோடு 2-2. ஆறு ஆட்டங்களில் 5 புள்ளி, 4 கோல். நவம்பர் இறுதியில் கிரிகரியும் சங்கமும் பிரிந்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஓவன் காயில் வந்தார்.

அடுத்த மூன்று ஆட்டங்கள்: ஜாம்ஷெட்பூரோடு 1-1, கேரளாவை 3-1, கோவாவிடம் 3-4 தோல்வி. 18-ல் 9 ஆட்டம் முடிந்தது. சரியாகப் பாதி. கையில் இருப்பது 9 புள்ளி. அடித்தது 11, வாங்கியது 16.

இந்த இடத்தில் நின்று எடை போடச் சொன்னால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

பட்டியலை மட்டும் பார்த்தால், போன வருடம் போலத்தான் என்று தோன்றும். ஆனால் உள்ளே பாருங்கள். முதல் ஆறு ஆட்டங்களில் 4 கோல். அடுத்த மூன்றே ஆட்டங்களில் 7 கோல். டிசம்பர் 26 அன்று நடந்த அந்தக் கோவா ஆட்டம் தோல்விதான். நம் கரையில் அந்தத் தேதியைச் சொன்னாலே வேறு நினைவுதான் வரும், அது இருக்கட்டும். 0-3 என்று பின்தங்கிய பிறகு விழுந்து படுக்காமல் மூன்று கோல் திருப்பி அடித்த அணி அது. இன்னொன்று, அந்த ஒன்பது ஆட்டங்களில் வலுவான கோவாவை இரண்டு முறை சந்தித்துவிட்டார்கள். வடகிழக்கு அணியை ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை. எல்லோரும் எல்லோரையும் ஒருமுறை பார்த்த பாதி இல்லை இது. கடினமான பாடங்களுக்கு மட்டும் தேர்வு எழுதிவிட்டு வந்த பையனின் மார்க் மாதிரி.

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி வரும், வர வேண்டும். 2018-லும் இதே போல 3-4 தோல்வி ஒன்று உண்டு, அந்த வடகிழக்கு அணியிடம். மூன்று கோல் அடித்தும் தோற்றார்கள். அப்போது ஏன் எழவில்லை? காரணம், அது தனியாக நின்ற ஓர் ஆட்டம். அதற்கு அடுத்த ஆட்டத்தில் டெல்லியோடு 0-0. முன்னும் பின்னும் அதற்குத் தொடர்ச்சி இல்லை. 2019 டிசம்பரில் 1, 3, 3 என்று வரிசையாகக் கோல் வந்தது. தனியாக ஒரு நல்ல நாள் யாருக்கும் வாய்க்கும். மூன்று ஆட்டம் ஒரே திசையில் போனால் அதில் ஏதோ இருக்கிறது என்று கவனிக்கலாம்.

பாதி தாண்டி ஒடிசாவிடம் 0-2 என்று ஒரு தோல்வி. பத்து ஆட்டத்தில் 9 புள்ளி. அதற்குப் பிறகு எட்டு ஆட்டங்கள், தோல்வியே இல்லை. 6 வெற்றி, 2 சமநிலை, 20 புள்ளி. 21 கோல் அடித்து 8 வாங்கினார்கள். கேரளாவுக்கே போய் 6-3, கொல்கத்தாவுக்கே போய் 3-1. மொத்தம் 29 புள்ளியுடன் நான்காம் இடம். அரையிறுதியில் முதலிடத்துக் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று தாண்டினார்கள். இறுதி ஆட்டம் 2020 மார்ச் 14. கொரோனா வந்துவிட்டது. ஒரு பார்வையாளர்கூட இல்லாத காலி மைதானத்தில் ஆடி, ஏடிகே அணியிடம் 1-3 என்று தோற்றார்கள். 15 கோலுடன் தங்கக் காலணி வாங்கியவர் வால்ஸ்கிஸ்.

கோப்பை இல்லையே, அப்புறம் என்ன பெருமை என்று சிலர் கேட்டார்கள். முந்தைய ஆண்டு 18 ஆட்டத்தில் 9 புள்ளி எடுத்த சங்கம் கடைசி எட்டு ஆட்டத்தில் மட்டும் 20 எடுத்தது. அதை வெறும் தோல்வி என்று எழுதினால் அது நேர்மையான வரலாறு ஆகாது.

இன்னொரு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். காயில் வந்து மாற்றினார் என்பது உண்மை. ஆனால் அவர் கையில் எடுத்து ஆடிய வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, ஷெம்ப்ரி எல்லோரும் கிரிகரி இருந்தபோதே அணிக்கு வந்தவர்கள். நட்டவர் ஒருவர், அறுத்தவர் ஒருவர். அறுத்தவரை மட்டும் பாடுவது நம் வழக்கம். பேரரசர்களின் வரலாற்றிலும் இதுதான் நடக்கிறது. தஞ்சையில் பெரிய கோயில் நிற்பதைப் பார்த்து ராஜராஜனைப் பாடுகிறோம். அதற்கு முன்னால் விஜயாலயன் தொடங்கி நூற்றைம்பது ஆண்டு கால்வைத்து நின்றவர்களைப் பரீட்சைக்கு மட்டும் படிக்கிறோம்.

மூன்று பக்கங்களையும் அருகருகே வையுங்கள். 2015-ல் பயிற்சியாளரை மாற்றவில்லை, எழுந்தார்கள். 2018-19-ல் மாற்றவில்லை, எழவில்லை. 2019-20-ல் மாற்றினார்கள், எழுந்தார்கள். ஆகவே பயிற்சியாளரை மாற்று, மாற்றாதே என்பதில் விடை இல்லை. டீக்கடையில் முதலில் கேட்கும் கேள்வி அதுதான் என்றாலும், விடை அணி எந்தத் திசையில் நகர்கிறது என்பதில்தான் இருந்தது.

நடுவில் முதலிடத்தில் இருப்பவர்களையும் பார்க்க வேண்டும் அல்லவா? 2018-19 ஐ-லீக்கில் கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. அதற்கு முந்தைய ஆண்டு எட்டாவது இடம். சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் பயிற்சியில், பெட்ரோ மான்சியின் 21 கோல்களோடு தொடக்கம் முதலே முன்னால் ஓடியது. எட்வின் சிட்னி வான்ஸ்பால் போன்ற நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதில் ஆடினார்கள். பாதியில் முன்னால் நின்ற அணிதான். ஆனாலும் கோப்பை கைக்கு வந்தது கடைசி நாளில். 2019 மார்ச் 9, மினர்வா பஞ்சாபுக்கு எதிராக ஆரம்பத்திலேயே ஒரு கோல் வாங்கிவிட்டார்கள். அதே நேரம் ஈஸ்ட் பெங்கால் வேறு மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டாம் பாதியில் எழுந்து 3-1. முடிவில் சென்னை சிட்டிக்கு 43, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. நான்கைந்து மாதம் முன்னால் ஓடியதற்குக் கிடைத்த இடைவெளி ஒரே புள்ளி.

வெளிநாட்டுக் கணக்கும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் அன்று யார் எங்கே என்பதுதான் அரையாண்டு மார்க். அங்கே பிரீமியர் லீக் 1992-ல் தொடங்கியது. கிறிஸ்துமஸ் அன்று கடைசியில் இருந்து, பருவ முடிவில் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பிய அணிகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். 2004-05-ல் வெஸ்ட் ப்ராம், 2013-14-ல் சண்டர்லாந்து, 2014-15-ல் லெஸ்டர், 2022-23-ல் உல்வ்ஸ். ஆகப் பாதிப் பட்டியலை நம்பும் கட்சியும் சும்மா பேசவில்லை. பெரும்பாலும் அவர்கள் சொல்வதுதான் நடக்கிறது. ஆனால் அந்த லெஸ்டரைப் பாருங்கள். 2014 கிறிஸ்துமஸ் அன்று கடைசி. கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழு வெற்றி, தப்பித்தது. 2015 கிறிஸ்துமஸ் அன்று முதலிடம். 2016 மே மாதம் சாம்பியன். நம் சென்னை எழுந்த அதே டிசம்பர் அது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு அக்கறையாக எழுதுகிறேன்? கால்பந்துக்காக மட்டும் இல்லை.

நம் பக்கத்தில் அரையாண்டுத் தேர்வு டிசம்பரில். தாள் திருத்தி மார்க் கையில் வருவது ஜனவரியில். மரக்காணம் உப்பளங்களில் மழை நீர் வடிந்து, பாத்தி சரிசெய்யும் வேலை தொடங்குவதும் ஜனவரியில்தான். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் வருவதன் விளைவை வெளியூர் வாத்தியார்கள் அறிய மாட்டார்கள். பொங்கல் முடிந்து வகுப்புக்குப் போனால் பின்பெஞ்சில் இரண்டு மூன்று இடம் காலியாக இருக்கும். "மார்க்கு வரல சார், அளத்துக்கு அழைச்சிட்டுப் போயிட்டாங்க" என்று பக்கத்துப் பையன் சொல்வான். பாதிப் பட்டியலைப் பார்த்து எடுத்த முடிவு. கால்பந்துச் சங்கத்தில் அப்படி முடிவெடுத்தால் ஒரு பயிற்சியாளர் வேறு ஊருக்குப் போவார். இங்கே ஒரு பிள்ளையின் படிப்பு அங்கேயே நின்றுபோகும்.

அப்படி ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். அவருடைய மகனுக்கு சமூக அறிவியல் அரையாண்டில் 19. "இவனுக்குப் படிப்பு ஏறாதுங்க ஐயா, என்கூடவே வரட்டும்" என்றார். நான் விடைத்தாளை எடுத்து வைத்தேன். வரைபடக் கேள்வி முழுதும் சரி. சின்ன விடைகள் பாதி சரி. பெரிய விடைகள் எல்லாம் நல்லபடி தொடங்கி நடுவில் நின்றிருந்தன. காலாண்டில் அவன் வாங்கியது 8. அந்தத் தாளில் எழுதியதைவிட விட்டது அதிகம். "பெரியவரே, 8-லிருந்து 19-க்கு வந்திருக்கான். எழுதத் தெரியாம விடல, நேரம் போதாம விட்டிருக்கான். மார்ச் வரைக்கும் விடுங்க" என்றேன். யோசித்துவிட்டு விட்டார். பொதுத்தேர்வில் 52. அவன் இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருப்பான். பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதே தம்பி.

அதே வகுப்பில் இன்னொரு பையன். அரையாண்டில் 41, பாஸ். வீட்டிலும் யாரும் கவலைப்படவில்லை. ஆனால் அவன் காலாண்டில் 58. வாரத்தில் இரண்டு நாள் வரவில்லை, பிறகு மூன்று நாள். அவன் வீட்டுக்கு நடந்து போய்ச் சொன்னேன். "பாஸ்தானே சார் பண்ணிருக்கான்" என்றார்கள். மார்ச்சில் தேர்வுக்கே வரவில்லை. இன்று அளத்தில் வேலை செய்கிறான், நல்ல உழைப்பாளி. தன் மகளைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறான். அவள் அரையாண்டு மார்க் வந்தபோதெல்லாம் தாளையே எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து "பாருங்க சார்" என்று உட்கார்ந்தவன் அவன்.

உப்பளக்காரர்களுக்கே இந்த வித்தை தெரியும். அளத்தில் எவ்வளவு உப்பு குவிந்திருக்கிறது என்பதை வழியில் போகிற யாரும் பார்க்கலாம். ஆனால் அனுபவசாலி பாத்தி நீரைத்தான் பார்ப்பார். கண்ணாடிக் குழலை நீரில் மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பார். கடல் நீர் மூன்று, மூன்றரை டிகிரியில் உள்ளே வரும். வெயிலில் சுண்டிச் சுண்டி 25 டிகிரி நெருங்கும்போதுதான் உப்பு பூக்கும். 20 டிகிரியில் நிற்கும் பாத்தியில் ஒரு கல் உப்பும் இருக்காது. ஒன்றுமே விளையவில்லை என்று அந்த நீரைத் திறந்துவிடுபவன் உண்டா? அதே சமயம் 30 டிகிரியைத் தொட்ட நீரை அப்படியே விட்டுவைத்தால் உப்பில் கசப்பு ஏறிவிடும், வடித்துவிட வேண்டும். எப்போது காத்திருப்பது, எப்போது வடிப்பது என்று அந்தக் குழலைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள், குவியலைப் பார்த்து அல்ல.

எனவே என் தீர்ப்பு இது. பாதியில் எடை போடலாம், போடத்தான் வேண்டும். எடை போடாமல் விடுபவன் அந்தப் 41 வாங்கிய பையனை இழப்பான். ஆனால் தராசில் மொத்தப் புள்ளியை மட்டும் வைக்கக் கூடாது. மூன்று கேள்வி கேளுங்கள்.

1. எப்படித் தோற்றார்கள்? நூலிழையிலா, வாரிக்கொடுத்தா? 2015-ன் 12-க்கு 13 இதற்குச் சாட்சி.

2. இதுவரை யாரைச் சந்தித்தார்கள், இனி யாரைச் சந்திக்க வேண்டும்? கோவாவை இரண்டு முறை பார்த்த ஒன்பது ஆட்டங்கள் இதற்குச் சாட்சி.

3. கடைசி மூன்று நான்கு முறையில் ஏறுகிறார்களா, இறங்குகிறார்களா? 2018-ன் தனி 3-4-ம் 2019-ன் 1, 3, 3-ம் இதற்குச் சாட்சி.

மூன்றுக்கும் விடை பாதகமாக இருந்தால் பட்டியல் சொல்வது சரிதான், மாற்ற வேண்டியதைத் தயங்காமல் மாற்றுங்கள். ஒன்றுக்காவது விடை சாதகமாக இருந்தால் கதவைச் சாத்தாதீர்கள். இப்படிப் பார்த்தும் சில சமயம் கணிப்பு பொய்க்கும். பந்து உருண்டை, அது எந்தப் பக்கமும் ஓடும். ஆனால் தாளைப் புரட்டிப் பார்த்து எடுத்த முடிவுக்கும், மார்க்கை மட்டும் பார்த்து எடுத்த முடிவுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க நினைவில் வைத்திருக்கும்.

உங்களில் பலர் இப்போது தகப்பன், தாய், மேலாளர், சிலர் ஆசிரியர்களும்கூட. யாரோ ஒருவருடைய அரையாண்டு மார்க் உங்கள் மேசையில் இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உள்ளே இரண்டு பக்கம் புரட்டுங்கள்.

கணக்கில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் கீழே எழுதுங்கள். கால்பந்து விஷயத்தில் என்னைவிட விவரம் தெரிந்த மாப்பிள்ளைகள் குழுவில் இருக்கிறார்கள், அவர்கள் வந்து விளையாடட்டும். வேலூர் அக்கா, எழுத்து சிறியதாக இருந்தால் பேத்தியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்,
கிளியனூர்.